நிழற்படத் தாங்கியும் புதுக்கோட்டைத் தொல்லிடங்களும்

வளைகால் முக்காலி என்பது கேமராவையோ கைப்பேசியையோ அசையாமல் நிறுத்த உதவும் சிறிய தாங்கி. இதன் மூன்று கால்களும் பந்தும் கிண்ணமுமாகக் கோத்த மூட்டுகளால் ஆனவை. அதனால் அவை எந்தப் பக்கமும் வளையும். மரக்கிளையிலோ கம்பியிலோ சுற்றிக்கொள்ளும். கடைகளில் இது 'மினி ட்ரைபாட்'. திருமணப் படமெடுப்போர் பேச்சிலோ எல்லாத் தாங்கியும் 'ஸ்டாண்ட்'தான். கருவி புதியது என்றாலும் அதன் தேவை பழையது. புதுக்கோட்டை வட்டாரத்தில் அத்தேவையின் கதை 1858-லிருந்து தொடங்குகிறது.

டிரைப்பின் பயணம்

லின்னேயஸ் டிரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1856-ல் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்களோடு, இராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தையும் படமெடுத்தார். 1858-ல் வெளியான அவருடைய தொகுப்புகளுள் ஒன்று புதுக்கோட்டைக்கே உரியது. திருமயம் மலைக்கோட்டை அதில் இடம்பெற்றது.

பெரிய படங்களுக்கு டிரைப் மெழுகு பூசிய தாளையே நெகட்டிவ்வாகப் பயன்படுத்தினார். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் இல்லை. படம் எவ்வளவு பெரிதோ, தாளும் அவ்வளவு பெரிது. தாள் பெரிதானால் கேமராப் பெட்டியும் பெரிதாகும். அந்தத் தாள் ஒளியை மெதுவாகவே ஏற்றது என்பதால் வில்லையை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் பெட்டி சற்றே அசைந்தாலும் தாளும் உழைப்பும் வீண். ஆகவே கனமான மரக்கால்கள் அன்று தவிர்க்க முடியாதவை. அந்தப் படங்களில் கல் கூர்மையாக இருக்க, காற்றிலாடிய இலைகள் மட்டும் கலங்கித் தெரிவது இதனால்தான்.

தாங்கியின் அருமை தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னும் நன்றாகப் புலப்படுகிறது. அதன் அடித்தளக் கல்வெட்டை டிரைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கேமரா அதே உயரத்திலும் அதே தொலைவிலும் நிற்காவிட்டால் வரிகள் சேரா. இந்த வேலை நீடிக்கவில்லை. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இதை வீண் ஆடம்பரமாகக் கருதினார். நிழற்படப் பிரிவு மூடப்பட்டது.

கைக்கேமராவும் இருண்ட குகையும்

உலர் தகடும் பிலிமும் வந்தபின் வில்லை திறக்கும் நேரம் நொடியின் சிறு பகுதியாகச் சுருங்கியது. 1900-ல் ஒரு டாலருக்கு விற்ற கோடாக் பிரௌனியைக் கையில் பிடித்தே படமெடுக்கலாம். முக்காலி பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் ஒதுங்கியது.

ஆனால் குகைக்குள் வெளிச்சம் மாறவில்லை. புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில், பொதுவாக 9-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் தாமரைக்குள ஓவியம் உள்ளது. மங்கிய ஒளியில் அண்ணாந்து கையால் எடுக்கும் படம் எளிதில் கலங்கும். தாங்கி மிகவும் தேவைப்படும் இடம் இது. தாங்கிக்குத் தடையுள்ள இடமும் இதுவே. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதியின்றி கேமரா ஸ்டாண்ட், முக்காலி இருக்கை, நாற்காலி, மேசை, ஓவியப் பலகை போன்றவற்றை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கல்வெட்டை மைப்படி எடுப்பதற்கும் அத்தகைய அனுமதி வேண்டும். பெரும்பாலான தொல்சின்னங்களின் உள்ளேயும் படமெடுக்கலாம் என்று 2018-ல் கட்டுப்பாடு தளர்ந்தது. அது ஸ்டாண்டுக்கான அனுமதி ஆகாது.

வளைகால் தாங்கி

கலிபோர்னியாவில் ஜோபென் பெவர்ட் தொடங்கிய ஜோபி நிறுவனம் 2006-ல் 'கொரில்லாபாட்' என்ற வளைகால் தாங்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் வகை சட்டைப்பைக்குள் அடங்கும். சிறு டிஜிட்டல் கேமராவையே தாங்கும். பின்னர் 5 கிலோ வரை தாங்கும் வகைகளும் வந்தன. மூட்டுகளின் உராய்வே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அளவு மீறினால் கால்கள் மெல்லச் சரியும். கேமராவைப் பொருத்தும் கால் அங்குலத் திருகு மட்டும் பெரிய முக்காலியில் உள்ள அதே அளவுதான். பெவர்ட் பிறகு பறக்கும் வாடகை ஊர்தி உருவாக்கும் முயற்சிக்குப் போய்விட்டார்.

கையடக்கமான இது ஸ்டாண்ட் ஆகாது என்று வாதிடப் பயணிகளுக்குத் தோன்றலாம். சித்தன்னவாசலைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. 1959-ல் விதி எழுதியவர்கள் தரையில் ஊன்றும் கால்களையே எண்ணியிருப்பார்கள். வளைகால் தாங்கியோ தூணையும் சுவரையும் பற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அறிவர் கோயிலின் முகப்புத் தூண்களில்தான் நடன மங்கையரின் ஓவியங்கள் இருக்கின்றன, மெல்லிய சுண்ணச் சாந்துப் பூச்சின் மேல். பருத்த அத்தூணைச் சுற்ற இக்கால்கள் எட்டா. ரப்பர் பாதத்தைச் சாய்த்து அழுத்தினாலே பூச்சு உதிரப் போதுமானது. ஒளியுணர்வு மிக்க இன்றைய கேமராக்களும் அசைவைச் சரிசெய்யும் வில்லைகளும் இருக்கும்போது, பயணி ஒருவரின் படத்துக்கு அந்த அபாயம் தேவையற்றது. ஆய்வுக்காகத் தாங்கி வைக்க வேண்டுவோர் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும்.