வினையும் பெயரும்: விண்வெளியில் மனிதனும் கணனியும் உரையாடிய வரலாறு

சந்திரப் பயணத்தின் வரலாற்றைக் கூற முற்படுவோர் விண்ணோக்கி எழுந்த ரொக்கெட்டின் ஆற்றலையும், அதிற் சென்ற வீரரின் துணிவையுமே பெரிதும் போற்றுவர். அவ்விரண்டும் போற்றத்தக்கனவே. ஆயின், அப்பயணம் முழுவதிலும் விண்கலத்தினுள் வேறோர் உரையாடலும் நிகழ்ந்துகொண்டிருந்தது. அது வீரர் தமக்குள் பேசிய பேச்சன்று. பூமியோடு வானொலி வாயிலாகப் பேசிய பேச்சுமன்று. மனிதனுக்கும் கணனிக்கும் இடையே எண்களால் நிகழ்ந்த உரையாடல் அது. ஒருவர் கூறுவதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரும் என்ற நிலையில், மனிதன் ஒரு பொறியோடு பேசக் கற்ற வரலாறு அறியத்தக்கதொன்றாகும்.

1961 ஆம் ஆண்டிலே, அப்பல்லோ விண்கலத்துக்கு வழிகாட்டும் கணனியை அமைக்கும் பொறுப்பு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கருவியாய்வுகூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சார்ள்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் என்பார் அதன் தலைவராக விளங்கினார். அங்கு உருவான கணனியின் நிறை ஏறக்குறைய 32 கிலோகிராம். அதன் நினைவகத்தில் மாற்றவியலாத பகுதி 36,864 சொற்களையும், அழித்தெழுதத்தக்க பகுதி 2,048 சொற்களையும் மட்டுமே கொண்டிருந்தன. கலத்தின் நிலையையும் வேகத்தையும் கணித்து இயந்திரங்களை ஆளவேண்டிய அப்பொறியோடு வீரர் எவ்வாறு பேசுவது என்பதே வடிவமைத்தோர் எதிர்கொண்ட கேள்வி. எழுத்துகளைக் காட்டும் திரைக்கு அதில் இடமில்லை. 19 விசைகளும், இலக்கங்களைக் காட்டும் சில சாளரங்களும், எச்சரிக்கை விளக்குகளுமே கிடைத்தன.

அவர்கள் இலக்கணத்தின் துணையை நாடினர். விசைகளுள் ஒன்றுக்கு ‘வினை’ என்றும் மற்றொன்றுக்குப் ‘பெயர்’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை இட்டனர். வினை என்பது செய்யவேண்டிய செயல். பெயர் என்பது அச்செயலுக்குரிய பொருள். இரண்டும் ஈரிலக்க எண்களாற் குறிக்கப்பட்டன. வினை 06 எனில் ‘காட்டுக’ என்பது பொருள். வினை 16 எனில் ‘இடைவிடாது காட்டிக்கொண்டிருக்க’ என்பது பொருள். எதனைக் காட்டுவது என்பதைப் பெயரெண் உணர்த்திற்று. பெயர், வினை, இடை, உரி எனச் சொற்களை நான்காக வகுத்த தமிழ் இலக்கணத்தைக் கற்றோர்க்கு, முதலிரண்டை மாத்திரம் கொண்டு ஒரு மொழி அமைந்தமை வியப்பூட்டுவதாகும்.

அம்மொழிக்குப் பேச்சின் ஒழுங்கும் வகுக்கப்பட்டிருந்தது. வினையெண்ணும் பெயரெண்ணும் விட்டுவிட்டு ஒளிர்ந்தால் கணனி விடையை எதிர்பார்க்கிறது என்பது கருத்து. வீரர் விசைப்பலகையைப் பயன்படுத்திக்கொண்டிருக்கையில் கணனிக்குச் சொல்ல வேண்டியது ஏதேனும் நேர்ந்தால், அது குறுக்கிடாது ஒரு விளக்கை ஏற்றி இடங்கேட்கும். வீரர் கூறியது அதற்கு விளங்காவிடின் வேறொரு விளக்கு எரியும். ஒருவர் பேசுகையில் மற்றவர் பொறுத்திருத்தல் என்னும் நல்லவையொழுக்கம் இப்பொறிக்குள்ளும் இடம்பெற்றது.

ஆயினும் இலக்கணம் பிழையற்றதாயினும் கருத்துப் பிழைபடலாம். நிரலாக்கக் குழுவில் முதன்மை பெற்ற மார்கரெட் ஹமில்டன் அம்மையாரின் சிறு மகள், ஒருநாள் தாயின் பணியிடத்திலே பயிற்சிக் கருவியின் விசைகளை அழுத்தி விளையாடினாள். பறந்துகொண்டிருப்பதாகக் கருதிய கணனி, ஏவுதளத்திற்குரிய 01 ஆம் நிரலுக்கு மாறிச் செயலிழந்தது. இதனைத் தடுக்கும் காப்பொன்றை நிரலிற் சேர்க்கவேண்டும் என அம்மையார் விரும்பினார். பயிற்சி பெற்ற வீரர் அத்தகைய பிழை செய்யார் என்று மேலிடத்தோர் மறுத்தனர். 1968 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அப்பல்லோ 8 பூமிக்குத் திரும்புகையில், தேர்ந்த வீரரான ஜிம் லொவெல் அதே பிழையைச் செய்தார். தான் இன்னும் ஏவுதளத்தில் இருப்பதாக எண்ணிய கணனி, கலத்தின் திசைநிலை பற்றிய குறிப்பை இழந்தது. லொவெல் விண்மீன்களை நோக்கி அதனை மீண்டும் நிலைப்படுத்த வேண்டியதாயிற்று. சிறுமிக்கு நேர்ந்தது வீரனுக்கும் நேர்ந்தது. சொல்லுவோன் பிழைப்பான் என்பதை எதிர்பார்த்து அமைவதே நல்ல மொழி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

1969 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆம் நாள் இவ்வுரையாடலுக்குப் பெருஞ்சோதனை வந்தது. நீல் ஆம்ஸ்ட்ரோங், எட்வின் ஓல்ட்றின் ஆகிய இருவரும் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தனர். தரையிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் உயரத்தில், எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கணனி 1202 என்னும் எண்ணைக் காட்டிற்று. அதன் பொருளை இருவரும் அறியார். இறங்குவதா, திரும்புவதா? ஆம்ஸ்ட்ரோங் பூமியை நோக்கி விளக்கம் கேட்டார். எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது.

ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் வழிகாட்டற் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் பேல்ஸ் 26 வயதினர். அவருக்குத் துணையாகப் பின்னறையில் இருந்த ஜாக் கார்மன் 24 வயதினர். பயணத்துக்குச் சிறிது காலத்தின் முன்னர் நடந்த ஒத்திகை ஒன்றில், இத்தகைய எச்சரிக்கையைக் கண்ட பேல்ஸ் இறங்கும் முயற்சியைக் கைவிடச் செய்திருந்தார். அது தேவையற்ற முடிவென்று பயிற்றுநர் சுட்டிக்காட்டினர். பறப்புப் பணிப்பாளர் ஜீன் கிரான்ஸ் எல்லா எச்சரிக்கை எண்களையும் ஆராயுமாறு பணித்தார். கார்மன் ஒவ்வோர் எண்ணுக்கும் பொருளையும், அது தோன்றினாற் செய்யவேண்டியதையும் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளில் 1202 இருந்தது. எச்சரிக்கை இடைவிடாது தொடராவிடின் இறங்கலாம் என்பது அதற்குரிய விடை. கேள்வி எழுந்து அரை நிமிடம் ஆகுமுன்னரே இறங்குமாறு விடை சந்திரனை நோக்கிச் சென்றது.

அந்த எண்ணால் கணனி கூற முயன்றதுதான் யாது? ‘எனக்குப் பணி மிகுந்துவிட்டது, முதன்மையற்றவற்றை விலக்கிவிட்டு, முதன்மையானவற்றைச் செய்துகொண்டிருக்கின்றேன்’ என்பதே. தாய்க்கலத்தைக் கண்டறியும் ராடாரின் மின்னிணைப்பில் இருந்த பொருத்தமின்மையால், தேவையற்ற குறிகள் கணனியின் நேரத்தைக் கவர்ந்துகொண்டிருந்தன. ஹால் லானிங் என்பார் வகுத்த முறைமைப்படி, பணிகள் தத்தம் முதன்மைக்கேற்ப ஒழுங்குபெற்றன. ஆதலின் கலத்தை ஆளும் பணி தடைப்படவில்லை. எச்சரிக்கை மேலும் சில தடவை தோன்றியபோதும், பாறை நிறைந்த பள்ளமொன்றைத் தாண்டிக் கலத்தைச் செலுத்திய ஆம்ஸ்ட்ரோங் அதனைப் பத்திரமாகத் தரையிறக்கினார். கணனி கூறியது உண்மை. ஆயின் நான்கு இலக்கங்கள் தம்மளவில் யாருக்கும் எதனையும் விளக்கவில்லை. விளக்கத்தை முன்கூட்டியே தேடி வைத்த மனிதரே அவ்வெண்ணைச் சொல்லாக்கினர்.

1971 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அப்பல்லோ 14 இறங்குதற்கு முன்னர், பயணத்தைக் கைவிடுவதற்கான பொத்தானிலிருந்து யாரும் அழுத்தாமலே குறியொன்று எழுந்தது. நிரலின் பெரும்பகுதி கம்பிகளாக நெய்யப்பட்டிருந்ததால் அதனை மாற்ற இயலாது. நிரலாளர் டொன் ஐல்ஸ் குறுகிய நேரத்தில் ஓர் உபாயம் கண்டார். கைவிடும் நிரல் ஏற்கெனவே நடைபெறுவதாகக் கணனி எண்ணுமாறு சில எண்களைப் புகுத்தினால், அது அப்பொத்தானைப் பொருட்படுத்தாது. பூமியிலிருந்து வாசிக்கப்பட்ட அவ்வெண்களை வீரர் விசைகளால் அழுத்தினர், கலம் இறங்கிற்று.

அதே 1971 ஆம் ஆண்டு ஜனவரியில், ஹியூஸ்டனில் நடந்த சந்திர விஞ்ஞான மாநாட்டில் வில்லியம் வூட்ஸ் என்பாரின் குழு வேறொரு வழியைக் காட்டிற்று. சந்திரக் கற்களின் இரசாயன அமைப்பைப் பற்றி அறிஞர் சாதாரண ஆங்கில வாக்கியங்களிற் கேட்ட கேள்விகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 78 க்கு அவர்களது கணனி சரியாக விடையளித்தது. வீரர் கணனியின் மொழியைக் கற்ற நிலை மாறி, கணனி மனிதனின் மொழியைக் கற்கும் முயற்சி தொடங்கியது. எனினும் கற்களுக்கு அப்பால் அது எதனையும் அறியாது.

2005 ஆம் ஆண்டில் சர்வதேச விண்வெளி நிலையத்திலே ஜோன் பிலிப்ஸ் ‘கிளாரிசா’ என்னும் நிரலோடு குரலாற் பேசினார். இரு கைகளும் வேலையில் ஈடுபட்டிருக்க, செய்முறையின் படிகளை அது வாசித்துக் காட்டிற்று. வீரர் பேசுவது தன்னிடமா, பிறரிடமா என அறிவதே அதற்கு எளிதிற் கைவராத பாடம். 2018 ஆம் ஆண்டு நவம்பரில், ‘சைமன்’ என்னும் உருண்டைவடிவப் பொறி ஜேர்மனிய வீரர் அலெக்ஸாண்டர் கெர்ஸ்டோடு உரையாடிற்று. அவருக்குப் பிடித்த பாடலை ஒலித்த பின், வேறு பணிக்குச் செல்லுமாறு கூறப்பட்டும் அது பாடலை விட்டு எளிதில் அகலவில்லை. அன்பாகப் பேசுமாறு அவரையே வேண்டிற்று. கண்டோர் நகைத்தனர். சொல்வளம் பெருகியிருந்தது, ஆயின் கேட்டதை அது உண்மையில் விளங்கிக்கொண்டதா என்பது கேள்வியாகவே நின்றது. அதன் மொழியறிவுக்கும் பூமியின் தொடர்பு வேண்டியிருந்தது.

செவ்வாய்ப் பயணத்தில் அத்தொடர்பு உடனுக்குடன் கிட்டாது. சந்திரனிலிருந்து வானொலிக் குறி பூமியை அடைய ஒன்றேகால் செக்கன் அளவே செல்லும். செவ்வாயிலிருந்து 3 முதல் 22 நிமிடம் வரை செல்லும். 1202 ஐப் போன்ற எண் அங்கே தோன்றினால், கேள்வி பூமியை எட்டும் முன்னரே கலம் தரையைத் தொட்டிருக்கும் அல்லது தவறியிருக்கும். கார்மனின் தாள் கலத்தினுள்ளேயே இருத்தல் வேண்டும். ஆதலின், கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும் இத்துறையில் ஆராயும் இளைஞர்க்கு முன்னுள்ள பணி, கணனியைச் சரளமாகப் பேசச் செய்வது மாத்திரமன்று. தான் யாது செய்கிறது, ஏன் செய்கிறது, எதிலே தனக்கு ஐயம் உண்டு என்பவற்றை அது கூறவேண்டும். கூறியதை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ மனிதனுக்கு இயலவேண்டும். பூமியின் குரல் எட்டாத் தொலைவிலே உயிரைக் காக்கப்போவது, புறப்படுமுன்னரே இருதரப்பாரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்ட அளவே ஆகும்.