வளர்ப்புப் பெற்றோர்–குழந்தை பிணைப்பு: புக்கரெஸ்ட் ஆய்வு

ருமேனியாவில் 1966-இல் சௌஷெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. வறுமையில் தவித்த குடும்பங்கள் பல, பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டன. 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். பணிமுறை மாறும்போதெல்லாம் பராமரிப்பவரும் மாறினார். அழுதால் ஓடிவர நிலையான ஒரு முகம் இல்லை.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோரின் ஆய்வு 2000-இல் தொடங்கியது. புக்கரெஸ்ட் விடுதிகளின் 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். பிள்ளையைத் தம் சொந்தமாகவே கருதி நேசிக்கும்படி வளர்ப்புப் பெற்றோர் ஊக்குவிக்கப்பட்டனர். பிரிவுக்கு அஞ்சி மனத்தை ஒதுக்கி வைப்பதைவிட இதுவே குழந்தைக்கு நியாயம். மூன்றரை வயதில், குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் பாதுகாப்பான பிணைப்பு காணப்பட்டது. விடுதிப் பராமரிப்பிலேயே விடப்பட்டவர்களிலோ ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இரண்டு வயதுக்குள் குடும்பத்தை அடைந்தவர்கள் கூடுதலாகத் தேறினர்.

இரண்டு வயதுக்குட்பட்டோரை விடுதியில் சேர்ப்பதை ருமேனியா 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதில் விலக்கு வைத்தது பெருங்குறை. ஒரு தாய்மடி அவர்களுக்கே மிகவும் தேவை.