மௌனத்தையே மொழியாக்கிய மருமகள்

துருக்மேனிய நாட்டின் தலைநகரான அஷ்காபாத் 1948-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பூகம்பத்தில் தரைமட்டமானது. அப்பொழுது ஏழு வயதுச் சிறுமியாக இருந்த மாயா கோஜெல் ஐமெதோவா, பிற்காலத்தில் மாஸ்கோ சென்று அங்குள்ள நாடகக் கலைக் கல்லூரியில் பயின்று, 1964-இல் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பி, அஷ்காபாத்தின் இளைஞர் நாடக அரங்கில் நடிகையாகச் சேர்ந்தார்.

அவருடைய கீர்த்திக்குக் காரணமாக அமைந்ததோ நாடக மேடையன்று. கணவரான ஹொஜாகுலி நார்லியெவ் இயக்கி 1972-இல் வெளிவந்த ‘மருமகள்’ என்னும் படமே அது. யுத்தத்திற்குச் சென்ற விமானியின் மனைவி ஒகுல்கெயிக், காராகும் மணற்காட்டின் நடுவே முதிய மாமனாருடன் ஆடு மேய்த்துக்கொண்டு, திரும்பி வராத கணவனுக்காகக் காத்திருக்கிறாள். கதை இவ்வளவுதான். மாமனார் முன்னிலையில் தலைத்துணியின் முனையால் வாயை மறைத்துக்கொண்டு பேசாதிருப்பது அந்நாட்டு மருமகள்களின் பழைய சம்பிரதாயம். ஆகவே, குரலையே பிரதான சாதனமாகக் கொண்டு மேடையில் பயின்ற ஒரு நடிகை, அச்சாதனத்தைப் பெரும்பாலும் துறந்துவிட்டு, கண்களாலும் கைகளாலும், குனிந்து நிமிரும் உடலசைவாலுமே ஒரு ஸ்திரீயின் ஆயுட்காலச் சோகத்தைப் புலப்படுத்த வேண்டியதாயிற்று. மேடையிலிருந்து திரைக்கு வருபவர்கள் மிகையாக நடிப்பதே நாம் எங்கும் காணும் வழக்கம். ஐமெதோவாவிடம் அதன் சாயல்கூட இல்லை. நார்லியெவ் ஆதியில் ஒளிப்பதிவாளர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது: வசனத்தை நாடாமல் முகத்தை நம்பும் துணிவு அவருக்கு அத்தொழிலிலிருந்து வந்திருக்கலாம்.

1973-இல் அப்படத்திற்காக ஐமெதோவாவுக்கு சோவியத் அரசுப் பரிசு கிடைத்தது. பிறகு ‘பெண் குதிரையேறும்போது’, ‘ஜமால் மரம்’ முதலிய படங்கள் வந்தன. 1982-இல் ‘சோவியத் மக்கள் கலைஞர்’ என்னும் உயரிய பட்டமும் வந்து சேர்ந்தது. நம் வாசகர்களுக்கு ‘ஜமீலா’வின் வாயிலாக அறிமுகமான சிங்கிஸ் ஐத்மாத்தவின் நாவலிலிருந்து எடுத்த ‘மான்குர்ட்’ என்னும் படத்தில், 1990-இல், பகைவர்களால் நினைவழிக்கப்பட்ட மகனைத் தேடிச் சென்று அவன் கையாலேயே மாளும் தாயாக அவர் நடித்தார். அத்தாயின் துயரம் பெரிது. கதையே அதற்குத் துணை நிற்கிறது. கதை ஏதும் துணை நில்லாத இடத்தில் தனித்து நின்று வென்ற ஒகுல்கெயிக்குக்கே நாம் முதலிடம் தருவோம்.