எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்



நம் கிளப் ஹவுஸ் மாடியில் இருக்கும் இரண்டு புத்தக அலமாரிகளைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? "இப்போ எல்லாம் போனிலேயே கிடைக்குது. புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கேரம் போர்டு வைக்கலாம்" என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் பலர் கட்டைவிரலும் காட்டிவிட்டீர்கள். நானும் தினமும் போனில் படிப்பவன்தான். ஆனாலும் கை தூக்கும் முன் கொஞ்சம் பழைய கதையைக் கேளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. போனில் கிடைக்கும் பழைய தமிழ் நூல்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பேராசிரியரோ பெரும் பணக்காரரோ அல்ல. புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் பல ஆண்டுகள் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது வீட்டில் சுமார் 1,00,000 அச்சுப் பொருள்கள் இருந்தன. 1994இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்து, பட்டியல் போட்டு, நுண்படம் எடுத்தார்கள். இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானதுதான். ஒரு தனி மனிதர் எடைக்குப் போடாமல் வைத்திருந்த காகிதம் அது.

இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். அப்போது பழையது ஓலைச்சுவடி, புதியது அச்சு. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அவர் தேடிப் போவதற்குள் பல ஏடுகள் ஆற்றோடும் தீயோடும் போய்விட்டிருந்தன. கிடைத்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் அவர் நூலைச் சரிசெய்தார். ஒரு சுவடியில் செல்லரித்துப்போன வரி இன்னொன்றில் இருக்கும். அச்சானதும் "இனி ஏடு எதற்கு" என்று அவர் தூக்கி எறியவில்லை. அவர் சேர்த்த சுவடிகள் பெசன்ட் நகரில் அவர் பெயரால் உள்ள நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

அப்படியானால் காகிதம் போதும், கணினி வேண்டாம் என்கிறேனா? இல்லை. யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் போயின. பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவை வரப்போவதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைக்கிறது. அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் நம் மூத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் திரையிலும் ஓட்டை உண்டு. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்நூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தானாகவே நீக்கியது. அவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் அப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது.

"அதெல்லாம் சரி சார், ஆனா யாரும் அந்த மாடிக்கு வருவதே இல்லையே" என்கிறீர்கள். நியாயம்தான். இதற்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். அதைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். வாசகர் வரவில்லை என்றால் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். நாமோ அலமாரியைப் பூட்டி, சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, யாரும் வரவில்லை என்கிறோம்.

ரங்கநாதன் போன்றவர்களின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. உங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுவது அதனால்தான். ஆக, நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் நூலகத்துக்கு ஏற்கனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

கடைசியாக என் சொந்தக் கதை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது, அப்பாவின் புத்தகங்களை நான்கு சாக்கில் கட்டி எடைக்குப் போட்டேன். போன வருடம் அதில் இருந்த ஒரு சின்ன சித்த வைத்தியப் புத்தகம் தேவைப்பட்டது. இணையத்தில் தேடினேன், கிடைத்தது. ஏதோ ஒரு கிராம நூலகத்தின் முத்திரையோடு யாரோ ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்த குறிப்புகள் அதில் எப்படி இருக்கும்?

எனவே பொதுக்குழுவில் மூன்று யோசனைகளை வைக்கப் போகிறேன். ஒன்று, எதையும் வெளியே அனுப்பும் முன் முழுப் பட்டியல் எடுப்போம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு, இணையத்தில் இல்லாத பழைய நூல் ஏதாவது இருந்தால், அதை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் நூலகம் ஒன்றுக்குக் கொடுப்போம். மூன்று, மிச்சத்தில் ஒரு அலமாரியைப் பூட்டில்லாமல் கீழே, லிஃப்ட் பக்கத்தில் வைப்போம். எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கட்டும்.

ஆறு மாதம் பார்ப்போம். அப்போதும் யாரும் தொடவில்லை என்றால், கேரம் போர்டை நானே வாங்கித் தருகிறேன்.