கால்நடை டாக்டருக்கு வந்த உத்தரவு

போன வாரம் பேரன் செல்போனில் ஒரு படம் காட்டினான். பனியில் நிற்கும் ஓநாய். வால் எலிவால் மாதிரி மெலிந்து கிடக்கிறது. தொடையிலும் விலாவிலும் முடியே இல்லை. "இதுக்கு என்ன தாத்தா?" என்றான். "சொறி" என்றேன், கண்ணாடி போடாமலே. கால்நடைத் துறையில் 31 வருஷம் ஆய்வாளராக இருந்தவனுக்கு இதுகூடவா தெரியாது! எத்தனை நாய்க்கு, எத்தனை ஆட்டுக்குக் கந்தகத்தை எண்ணெயில் குழைத்துத் தடவிய கை இது.

படம் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எடுத்தது. அந்தக் காட்டு ஓநாய்க்குச் சொறி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

பூங்காவை ஒட்டிய மொன்டானா மாநிலத்தில் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு ஓநாய் பெரிய எதிரி. 1884-லேயே ஓநாயைக் கொன்றால் பணம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. துப்பாக்கி, பொறி, விஷம் எல்லாம் போதாமல், 1905-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஓநாய்களையும், கயோட்டி என்கிற அவர்கள் ஊர் நரியையும் பிடித்து, சொறியைத் தொற்ற வைத்து, மறுபடி காட்டில் விட்டுவிட வேண்டும். மற்றவற்றுக்கும் பரவி அழியட்டும் என்று கணக்கு. இந்த வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? மாநிலத்தின் கால்நடை மருத்துவரிடம்! வியாதியைத் தீர்க்கப் படித்தவரிடம். அந்தப் பகுதியில் சொறி புகுந்தது 1909-ல் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் குறிக்கின்றன.

அவரைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. பிறகு என் ஞாபகம் ஒன்று குறுக்கே வந்து நின்றது. எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஒரு சிற்றூரில், சொறி பிடித்த தெருநாய்களை அடையாளம் காட்டச் சொல்லி எனக்கும் வாய்மொழி உத்தரவு வந்தது. காட்டினேன். நான் மருந்து தடவி, முதுகில் முடி முளைக்க ஆரம்பித்திருந்த செவலை நாயும் மறுநாள் வண்டியில் போயிற்று. "இது குணமாகிக்கொண்டிருக்கிறது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பூச்சிக்குச் சார்கோப்டிஸ் ஸ்கேபியை என்று பெயர். பிள்ளைகளுக்கு விரலிடுக்கில் வரும் சொறிசிரங்கும் இதே இனத்தின் இன்னொரு வகையால்தான். பெண்பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். அரிப்புத் தாங்காமல் விலங்கு சொறிந்து கடித்து, முடி உதிரும். நம் ஊர் வெயிலில் நாய் எப்படியோ ஓட்டிவிடும். அங்கே குளிர்கால இரவு உறைநிலைக்கு வெகு கீழே போகும். முடியில்லாத உடம்பிலிருந்து சூடெல்லாம் வெளியேறி, தின்ற தீனி சூட்டுக்கே போதாது. இரவில் ஓட வேண்டிய மிருகம் சுருண்டு படுத்துவிடும்.

1926 வாக்கில் பூங்காவில் ஓநாயே இல்லாமல் போனது, பெரும்பாலும் துப்பாக்கியாலும் பொறியாலும் விஷத்தாலும். ஆனால் பூச்சி போகவில்லை. கயோட்டிகளிடமும் மற்ற ஊனுண்ணிகளிடமும் அது தங்கிவிட்டது என்றே கருதுகிறார்கள்.

மனசு மாறி 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நன்றாகப் பெருகின. ட்ரூயிட் பீக் என்ற ஒரு கூட்டத்தில் மட்டும் 2001-ல் 37 இருந்தன. 2007-ல் பூங்காவுக்குள் சொறி தலைகாட்டியது. 2010-க்குள் அந்தப் புகழ்பெற்ற ட்ரூயிட் கூட்டமே இல்லை. சொறியும் பக்கத்துக் கூட்டங்களோடு நடந்த சண்டையும் சேர்ந்து முடித்துவிட்டன. தாத்தா காலத்தில் போட்ட உத்தரவு பேரன் காலத்தில் நிறைவேறியது போல் எனக்குப் பட்டது.

"மருந்து போட மாட்டாங்களா?" என்று பேரன் கேட்டான். காட்டு விலங்கை அதன் போக்கில் விடுவதுதான் அங்கே வழக்கம். ஐவர்மெக்டின் ஊசி இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றாகப் பிடித்து எத்தனை தடவை போடுவது?

படித்ததில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. சொறி பிடித்துத் தனியாகத் திரியும் ஓநாய் சாவது அதிகம். கூட்டத்தில் நோயில்லாத ஓநாய்கள் நாலைந்து இருந்தால், நோயாளியும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. அவை வேட்டையாடியதில் இதற்கும் பங்கு கிடைப்பது காரணமாக இருக்கலாம். அப்படித் தேறிய சிலவற்றுக்கு முடி மறுபடி முளைத்திருக்கிறது. அதைப் பேரனிடம் சொன்னபோது செவலை நாயின் கதையையும் சேர்த்தே சொன்னேன். முதல் தடவையாக.