'பதினெட்டாவது அட்சக்கோடு'ம் ஆசிரியரின் இளமையும்

புதின ஆசிரியர் ஒருவரின் இளமை, அவர் படைத்த மாந்தரிடம் எவ்வளவு கலந்துள்ளது என ஆராயப் புகுவோர் இருவகைப் பிழை செய்வர். கதையை வாழ்க்கை வரலாறாகவே கொள்வர் ஒருசாரார்; இரண்டற்கும் தொடர்பே இல்லை எனத் தள்ளுவர் மற்றொரு சாரார். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) இவ்விரு கொள்கைக்கும் எளிதில் இடங்கொடாத நூலாகும்.

தியாகராஜன் என்னும் இயற்பெயருடைய அசோகமித்திரன் 1931 செப்டம்பர் 22ஆம் நாள் செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தையார் நிஜாம் அரசின் இருப்புப்பாதைத் துறையில் பணிபுரிந்தவர். அவர் மறைந்தபின் 1952இல் ஆசிரியர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஆகவே அவர்தம் முதல் இருபது ஆண்டுகள் தெலுங்கும் உருதுவும் வழங்கிய நகரில் கழிந்தன. கதைத்தலைவன் சந்திரசேகரனும் இருப்புப்பாதை ஊழியரின் மகனே. லான்சர் பாரக்ஸ் என்னும் குடியிருப்பில் பல சமயத்தார் குடும்பங்களிடையே வளர்ந்தவன், கிரிக்கெட்டில் பெருவிருப்பினன்.

இவ்வொப்புமைகளை அடுக்கிக்கொண்டே போதல் எளிது, பயன் சிறிது. ஆர். கே. நாராயணின் சுவாமிக்கும் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த அவ்வாசிரியர்க்கும் இத்தகைய ஒப்புமை காட்டலாம். ஆயினும் சுவாமியின் மால்குடி, கற்பனையில் எழுந்த ஊர். சந்திரசேகரனுடைய நகரமோ வரலாற்றில் ஒரு குறித்த நாளில் அரசு மாறிய நகரம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பர் தொல்காப்பியர். இந்நூலின் தலைப்பே ஒரு நிலக்கோட்டின் பெயராதல் காண்க.

பொழுதை நோக்குவோம். 1947 நவம்பர் 29இல் நிஜாம் இந்திய அரசுடன் 'உள்ளது உள்ளபடி' உடன்படிக்கை செய்தார். ரசாக்கர்களின் வன்செயல் பெருகியது. 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை புகுந்தது. 17இல் நிஜாம் பணிந்தார். அன்று ஆசிரியர்க்குப் பதினேழு வயது நிரம்ப ஐந்து நாள் இருந்தது. வீட்டாரால் மறைத்துக் காக்கப்படும் சிறுவனும் அல்லன், பொறுப்பேற்று ஒன்று செய்யவல்ல ஆடவனும் அல்லன் என்னும் நிலை அது. சந்திரசேகரனின் தடுமாற்றம் முழுவதும் இந்நிலையினின்று தோன்றியதே.

கதைசொல்லும் முறையும் கருதத்தக்கது. சில இடங்களில் 'நான்' எனத் தன்மையிலும், சில இடங்களில் 'சந்திரசேகரன்' எனப் படர்க்கையிலும் கதை இயங்குகிறது. இதனைச் சோர்வு என்பாரும் உண்டாகலாம். 1948இன் இளைஞனுக்கும் 1977இன் ஆசிரியர்க்கும் இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுத் தொலைவே இவ்வாறு வெளிப்படுகிறது என்பது என் துணிபு. தன் இளமையை ஒருவன் சிலபொழுது தனதாகவும் சிலபொழுது பிறன் ஒருவனுடையதாகவும் காண்பது இயல்பன்றோ!

படை வென்றபின் முஸ்லிம்கள் மீது வன்முறை பாய்ந்தது. அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்தனர் எனக் கணித்தது. அவ்வறிக்கை நெடுங்காலம் மக்கள் பார்வைக்கு வரவில்லை. இந்நூல் வெளிவந்த 1977இலும் வந்திலது. ஆவணம் மறைந்துகிடந்த காலத்தில் தமிழ்ப் புதினம் ஒன்று அதன் ஒரு துளியைப் பதிவு செய்ததென்பது வரலாற்று மாணவர் கருதற்குரியது.

இறுதிக் காட்சியில், கலவரத்தினிடையே முஸ்லிம் வீடு ஒன்றினுள் புகுந்துவிட்ட சந்திரசேகரன் முன், தன் குடும்பத்தைக் காக்கும்பொருட்டு ஓர் இளம்பெண் ஆடை களைந்து நிற்கிறாள். அவன் அருவருப்பும் நாணமும் கொண்டு ஓடுகிறான். இஃது ஆசிரியர்க்கு நேர்ந்ததோ என வினவுதல் வேண்டா. அவ்வச்சத்தின் காரணம் தானே என அவன் ஒரு நொடியில் உணர்கின்றான்; அவ்வுணர்வு எங்கிருந்து வந்தது என்பதே வினாவாதல் வேண்டும். அண்டை வீட்டாராக முஸ்லிம் குடும்பங்களைப் பார்த்துப் பழகியவனுக்கு அப்பெண் 'பகைவரின் மகள்' ஆகாள். சண்டையிட்டும் விளையாடியும் உடன் வளர்ந்தோருள் ஒருத்தி போன்றவள். ஆசிரியரின் இளமை கதைத்தலைவனுக்குத் தந்தது அந்நிகழ்ச்சி அன்று. அந்நிகழ்ச்சியின் முன் நிற்கவொண்ணாத அக்கண்களே.