மாணவர் நடத்திய மிஷன்

தலைமன்னார் இறங்குதுறை என்றதும் போட் மெயில் ரயிலும், மலையகத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய தொழிலாளரின் துயரமுமே நினைவுக்கு வரும். வரவேண்டியதுதான். ஆனால் அதே துறையில் இன்னொரு கூட்டமும் கப்பலேறியது. 1914இல் பாம்பன் பாலமும் மன்னார் ரயில் பாதையும் திறந்தபின், யாழ்ப்பாணத்திலிருந்து மதவாச்சி வந்து, அங்கே ரயில் மாறித் தலைமன்னாரை அடைந்து, தனுஷ்கோடி வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் படிக்கப் போன மாணவர்கள் அவர்கள். இவர்களுக்கு முன்னரே, அந்த 35 கிலோமீட்டர்க் கடலில் இந்த ரயில்-கப்பல் சேவை தொடங்காத நாளிலேயே, யாழ்ப்பாண மாணவர்கள் எதிர்க்கரைக்கு மிஷனரிகளை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் வியப்பு.

கதை வட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனைத் தாங்கியவை கொங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள். 1823இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அங்கே ஆசிரியராக இருந்த பிராங்க் சாண்டர்ஸ் என்ற இளம் அமெரிக்கர் 1884இல் மாணவர்களைக் கொண்டு ஒரு வை.எம்.சி.ஏ. தொடங்கினார். ஆசியாவில் மாணவருக்கென்று அமைந்த முதலாவது வை.எம்.சி.ஏ. அதுவே. அமெரிக்காவில் 1877இல் கல்லூரி வை.எம்.சி.ஏ.க்களை ஒன்றாகக் கோத்தவர் லூதர் விஷார்ட் என்ற பிரஸ்பிட்டேரியன் இளைஞர். அந்த அலை ஏழே ஆண்டுகளில் வட்டுக்கோட்டைப் பனங்காட்டை எட்டியிருக்கிறது.

அமெரிக்க மிஷனைத் தாங்கிய சபைகளில் ஒன்றான பிரஸ்பிட்டேரியன் முறையில் சபையை ஆயர் தனியே ஆள்வதில்லை. சபையார் தேர்ந்த மூப்பர்கள் அவரோடு சமமாக உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். டச்சுக்காரர் 1658இல் மன்னாரைப் பிடித்தபோது கொண்டுவந்த சீர்திருத்தச் சபையும் இதே வழியில் வந்ததுதான். ஆனால் அது ஆட்சியாளரின் மதமாக வந்தது. மன்னார்க் கரையோர மக்கள் கத்தோலிக்கராகவே நின்றார்கள். ஆட்சியின் பலத்தால் ஊன்ற முடியாதது வட்டுக்கோட்டையில் பொறுப்பை மாணவர் கையில் கொடுத்ததால் ஊன்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்கு, கூட்டக் குறிப்பு என எல்லாவற்றையும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் பழகினார்கள். எழுவைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தையும் அவர்களுடைய சங்கம் நடத்திவந்தது.

அடுத்த படி துணிச்சலானது. 1900இல் யாழ்ப்பாண மாணவர்கள் வெளிநாட்டு மிஷனரிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 'வெளிநாடு' என்று அவர்கள் தேர்ந்த இடம், பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரம் கரையில் இருக்கும் தொண்டி. மிஷன் என்றால் வெள்ளைக்காரர் பணம் தருவார், தமிழர் வாங்கிக்கொள்வார் என்றிருந்த காலத்தில், பணமும் தமிழருடையது, ஊழியரும் தமிழர், எங்கே போவது என்ற தீர்மானமும் தமிழருடையது.

1902இல் இதை நேரில் கண்டவர் வேதநாயகம் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்கள் நிறுவிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, வை.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர். யாழ்ப்பாணத்தை விடப் பன்மடங்கு பெரிய தம் திருநெல்வேலிச் சபைக்கு இப்படியொரு சங்கம் இல்லையே என்பது அவரை உறுத்தியது. ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பெப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. அது தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கம் உருவானபோது அதன் செயலாளரும் அசரியாவே. 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இத்தனைக்கும் ஒரு பொறி, யாழ்ப்பாணத்து மாணவர் சங்கத்திலிருந்து பறந்தது. சபை வரலாறுகளில் அசரியாவுக்குக் கிடைக்கும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட அந்த மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. இது நியாயமில்லை.

மாணவர்களைப் போலவே சபைகளும் கடல் தாண்டிக் கைகோத்தன. 1908இல் தென்னிந்தியாவின் பிரஸ்பிட்டேரியன், கொங்கிரிகேஷனல் சபைகள் இணைந்தபோது யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் சபைகளும் சேர்ந்துகொண்டன. 1947இல் அந்த ஐக்கியமே தென்னிந்தியத் திருச்சபைக்குள் கலந்தது. இலங்கைக்குள் இருக்கும் யாழ்ப்பாண ஆதீனம் இன்றும் அந்தத் திருச்சபையின் பகுதிதான். அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன்.

சங்கம் நடத்தும் பழக்கம் கோயில் வாசலோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரியின் பழைய மாணவரும் பின்னர் அங்கேயே ஆசிரியருமான ஹன்டி பேரின்பநாயகம் 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார். பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அது சாதி வேற்றுமையை எதிர்த்தது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கவும் வைத்தது. இன்னொரு பக்கம், தெல்லிப்பழையில் 1908இல் பிறந்த டி. ரி. நைல்ஸ் பெங்களூரில் இறையியல் படித்து, உலக மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வளர்ந்து, 1938இல் தாம்பரத்தில் கூடிய அனைத்துலக மிஷனரி மாநாட்டிலும் கலந்துகொண்டார். உலகத் திருச்சபைகள் மன்றம் 1948இல் ஆம்ஸ்டர்டாமில் கூடியபோது தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர்களில் ஒருவர் அவர். அவர் மெதடிஸ்ட். மாணவர் இயக்கத்துக்குச் சபை வேலி பெரிதாக இருந்ததில்லை.

மாணவர்கள் போய்வந்த அந்தக் கடல்வழி நிலைக்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் போரோடு நின்றது. தலைமன்னாருக்கு ரயில் 2015இல் மீண்டும் வந்தது, கப்பல் வரவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபின் இந்த வரலாற்றுக்கு வீடுகளில் கிடக்கும் தாள்களும் பெருந்துணை. தாத்தாவின் பெட்டியில் பழைய கல்லூரிச் சஞ்சிகையோ, வை.எம்.சி.ஏ. கூட்டக் குறிப்பேடோ, தொண்டி மிஷன் அறிக்கையோ இருந்தால் கறையானுக்கு விடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரி நூலகத்திடமோ, ஆவணங்களை எண்ணிம வடிவில் காக்கும் நூலக நிறுவனத்திடமோ கொடுத்துவிடுங்கள்.